நான் கலக்கிய சீசன் எண்ணெய்

சங்க மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று எங்கள் செயலாளர் தம்பி போன வாரம் வீட்டுக்கு வந்திருந்தார். மருந்து கலக்குகிறவர்களுக்குக் கம்பவுண்டர் என்ற பேர் இப்போது பிடிப்பதில்லை. பார்மசிஸ்ட் என்று சொல்ல வேண்டுமாம். சொல்லிவிட்டுப் போகிறேன். ஆனால் நான் முப்பத்திரண்டு வருஷம் கம்பவுண்டராக இருந்து கம்பவுண்டராகவே ஓய்வு பெற்றவன். "அண்ணாச்சி, நீங்க குத்தாலத்துல சீசன் ஆஸ்பத்திரில இருந்திருக்கிய. மூக்கடைப்பு, ஜலதோஷம் பத்தி எழுதுங்களேன். படிக்கிறவங்க சிரிக்கணும்" என்றார்.

ஜலதோஷம் என்றால் எல்லாருக்கும் சிரிப்புதான். எனக்கும் அப்படித்தான் இருந்தது. யாராவது மூக்கைச் சிந்திக்கொண்டு வாசலில் வந்து நின்றால், அருவி இன்னொருத்தரை அனுப்பியிருக்கிறது என்று மனசுக்குள் சிரித்துக்கொண்டே பாட்டிலை எடுப்பேன். ஓர் ஆடி மாதத்தில் அந்தச் சிரிப்பு நின்றுபோனது. தம்பி மன்னிக்க வேண்டும், அதைத்தான் எழுதியிருக்கிறேன். எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது.

படித்தது பாளையங்கோட்டையில். இரண்டு வருஷம் கல்வத்தில் அரைத்து, தராசில் நிறுத்து, லேபிள் ஒட்டி, டாக்டர்களின் கோழிக் கிறுக்கல் கையெழுத்தை வாசிக்கப் பழகினேன். அதற்குமேல் அந்தக் காலத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. பிறகு தென்காசியில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. ஆனி பிறந்து சாரல் விழ ஆரம்பித்ததும் குற்றாலத்தில் கடைத்தெருவை ஒட்டி இரண்டு அறை பிடித்து சீசன் ஆஸ்பத்திரி திறப்பார்கள். மூன்று மாதம் நான் அங்கேயே தங்கிவிடுவேன். டாக்டர் காலையில் தென்காசியிலிருந்து குதிரை வண்டியில் வந்து, மதியத்துக்குமேல் திரும்பிப் போவார். இரண்டாம் உலக யுத்தம் வருவதற்கு இரண்டு மூன்று வருஷம் முந்திய கதை இது.

டாக்டர் ஞானசிகாமணிக்கு அப்போது ஐம்பது வயது இருக்கும். நெட்டையான ஆள், எப்போதும் வெள்ளைக் கோட்டு. அவருக்கு வாசனையே தெரியாது. வாலிப வயதில் வந்த ஒரு கடுமையான சளி மூக்கின் மோப்பத்தை அடியோடு கொண்டுபோய்விட்டதாம். மல்லிகைப் பூவும் சாக்கடையும் அவருக்கு ஒன்றுதான். அதனாலோ என்னவோ, மற்ற டாக்டர்கள் ஒரு நிமிஷத்தில் தள்ளிவிடும் மூக்குச் சளியை அவர் நிமோனியாவைப் பார்க்கிற மாதிரி உட்கார்ந்து பார்ப்பார்.

நோயாளி வாயைத் திறக்குமுன் ஒரு சின்னக் கண்ணாடியை அவன் மூக்குக்குக் கீழே பிடிப்பார். மூச்சு விட்டால் கண்ணாடியில் இரண்டு ஆவி வட்டம் விழ வேண்டும். ஒன்று பெரிதாகவும் ஒன்று சின்னதாகவும் விழுந்தால் அந்தப் பக்கம் அடைப்பு. பிறகுதான் கேள்வி. எத்தனை நாள் ஆயிற்று? முதலில் உள்ளே காய்ந்து அரித்ததா, தும்மல் வந்ததா? தண்ணீராக ஒழுகுகிறதா, கெட்டியாகிவிட்டதா? ருசி தெரிகிறதா? காது அடைக்கிறதா? பிள்ளைகளுக்கு ஒரு பக்கம் மட்டும் நாற்றத்தோடு ஒழுகினால் வேறு கேள்வியே கிடையாது, இடுக்கியை எடுத்து உள்ளே கிடக்கும் புளியங்கொட்டையையோ கல்லையோ எடுத்துப் போடுவார். ரத்தம் கலந்து வடிந்து மேலுதடு வெந்துபோயிருந்தால் உடனே நாக்கை அமுக்கித் தொண்டையைப் பார்ப்பார். தொண்டையில் வெள்ளைத் தோல் படர்ந்திருந்தால் அது தொண்டை அடைப்பான், டிப்தீரியா. அந்தப் பிள்ளையைத் தன் வண்டியிலேயே ஏற்றித் தென்காசிக்குக் கொண்டு போவார்.

வைத்தியம் எளிது. படுத்து ஓய்வெடு. வெந்நீரில் யூகலிப்டஸ் விட்டு ஆவி பிடி. இளஞ்சூட்டு உப்புத் தண்ணீரால் மூக்கைக் கழுவு. காய்ச்சல் இருந்தால் மாத்திரை. அடைப்பு தாங்கவில்லை என்றால் எபிட்ரின் சொட்டு, அதுவும் மூன்று நாளைக்குமேல் கூடாது. மூக்கைச் சிந்தும்போது ஒரு பக்கம் சிந்து, இரண்டையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு ஊதினால் சளி காதுக்குள் போய்விடும். இதையெல்லாம் ஒவ்வொருவரிடமும் அவரே சொல்வார். சீசனுக்கு வந்தவர்கள் கேட்டால்தானே. மூக்கு ஒழுக ஒழுகப் போய் பேரருவியில் தலையைக் கொடுத்துக்கொண்டு நிற்பார்கள். பிறகு தண்ணீர் சேரவில்லை என்று வந்து நிற்பார்கள்.

"அருவித் தண்ணியில சளி கெடையாது. ஒரு அறையில பன்னெண்டு பேரு படுத்து, ஒரே துண்டுல மூஞ்சி தொடைக்கியளே, அதுல இருக்கு" என்று சொல்லிச் சொல்லி அவருக்கு வாய் வலித்ததுதான் மிச்சம்.

அவர் கோபப்பட்டுச் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. என்னை எப்போதும் நீர், வாரும் என்றுதான் பேசுவார். கோபம் வந்தால் குரல் தணிந்து, நீங்க, வாங்க என்று மரியாதை ஏறிவிடும். அந்த மரியாதைக்கு நான் நடுங்குவேன்.

அந்த வைத்தியங்களோடு ஓர் எண்ணெயும் உண்டு. லிக்விட் பாரபினில் கொஞ்சமே கொஞ்சம் மெந்தால், இரண்டு துளி யூகலிப்டஸ். பெரியவர்களுக்கு மூக்கு காய்ந்து எரியும்போது ஒரு சொட்டு விட்டுக்கொள்ள. அளவை டாக்டர் தன் கையால் எழுதி மருந்து மேஜைக்கு மேலே ஒட்டியிருந்தார். அதன் கீழே சிவப்பு மையில் இன்னொரு வரி: கைக்குழந்தைகளுக்கு எக்காரணம் கொண்டும் கூடாது. பால்குடிப் பிள்ளைகளுக்கு மூக்கடைத்தால் உப்புத் தண்ணீரில் நனைத்த பஞ்சுத் திரியால் துடைத்து, பிறகு பால் கொடுக்கச் சொல்வார். உறிஞ்ச முடியாத பிள்ளைக்குத் தாய்ப்பாலைப் பீய்ச்சி, கரண்டியில் புகட்டச் சொல்வார். "கைப்பிள்ளைக்கு வாயால மூச்சு விடத் தெரியாதுவே. மூக்குதான் அதுக்கு எல்லாம்" என்று ஒரு தடவை என்னிடம் சொன்னார். சிவப்பு மை எதற்கு என்று நான் கேட்கவில்லை. கிழவருக்கு எல்லாவற்றிலும் பயம் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த எண்ணெயில்தான் நான் கை வைத்தேன். சீசனுக்கு வருகிறவர்கள் லேசில் திருப்திப்படாத ஆட்கள். மருந்து விட்டால் சுர்ரென்று மண்டைக்கு ஏறிக் கண்ணில் தண்ணீர் வர வேண்டும், அப்போதுதான் அது மருந்து. "என்ன கம்பவுண்டரே, பச்சத் தண்ணிய ஊத்திக் குடுக்கிய?" என்று ஒரு மிராசுதார் கேட்டார். எனக்குச் சுருக்கென்றது. மறுநாள் ஒரு சிட்டிகை மெந்தால் கூடுதலாகப் போட்டேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இது மருந்து" என்றார். அடுத்த வாரம் இன்னொரு சிட்டிகை. பிறகு கொஞ்சம் கர்ப்பூரம். தராசைத் தொடுவதை விட்டுவிட்டேன். கையே தராசு என்ற தலைக்கனம். எண்ணெய்க்குப் பேரும் வந்துவிட்டது, சீசன் எண்ணெய் என்று. ஆஸ்பத்திரிப் பக்கமே வராதவர்கள்கூட அதைக் கேட்டு வந்தார்கள். அறை முழுக்க நெடி வீசும். வாசனை தெரியாத மனிதர் அதற்குள்ளேயே உட்கார்ந்து நோயாளி பார்த்துக்கொண்டிருப்பார். அவரை ஏமாற்றுகிறோம் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை. அதை நினைத்தால்தான் இப்போது திகைப்பாக இருக்கிறது.

அந்த ஆடியில் அருவிக்கரையில் கூட்டத்தை ஒழுங்குபடுத்த மாடசாமி என்று ஒரு கான்ஸ்டபிளைப் போட்டிருந்தார்கள். விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை சாரலில் நிற்கிற வேலை. மனைவி செண்பகத்தையும் மூன்று மாதக் கைக்குழந்தையையும் கூட்டிவந்து பக்கத்துத் தெருவில் வீடு பிடித்திருந்தார். கல்யாணமாகி ஏழு வருஷம் கழித்துப் பிறந்த ஆண் குழந்தை. அவருக்குச் சளி பிடித்து என்னிடம் எண்ணெய் வாங்கிப் போனார். நாலாம் நாள் சளி பிள்ளைக்கு வந்துவிட்டது.

காலை பத்து மணி இருக்கும். டாக்டர் ஐந்தருவிப் பக்கம் ஒரு சத்திரத்தில் பேதி என்று கேள்விப்பட்டு அங்கே போயிருந்தார். செண்பகம் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள். கூடவே இசக்கியம்மாள் வந்தாள். அந்தத் தெருவில் பிள்ளை பெற்ற வீடுகளில் குழந்தைகளைக் குளிப்பாட்டி விடுகிறவள் அவள். கட்டை குட்டையான உருவம், வாய் ஓயாது.

"அய்யா, நேத்து ராத்திரிலேர்ந்து பிள்ள பால் குடிக்க மாட்டேங்கு. வாய வச்சு ரெண்டு இழுப்பு இழுக்கான், மூச்சு முட்டி விட்டுட்டு அழுவுதான்" என்றாள் செண்பகம். அவள் ரவிக்கை முழுக்கப் பால் கசிந்து நனைந்திருந்தது. பிள்ளையின் மூக்கில் சளி காய்ந்து அடைத்திருந்தது. அழக்கூடத் தெம்பில்லாமல் வீங்கிய கண்ணோடு கிடந்தது.

கண்ணாடியைப் பிடித்துப் பார்த்தேன். புள்ளி மாதிரி ஓர் ஆவி, அதுவும் ஒரு பக்கம்தான். உப்புத் தண்ணீரைக் காய்ச்சி ஆற வைக்க வேண்டும். அதற்குக் கால் மணி நேரம் ஆகும்.

"டாக்டர் வரட்டும்மா" என்றேன்.

"அதுவரைக்கும் தாங்குமாய்யா? நாங்க தெனமும் குளிப்பாட்டி மூக்குல எண்ணெய் விடத்தான் செய்யுதோம். ஒங்க எண்ணெய்ல ஒரு சொட்டு விடுங்க, அடச்சதெல்லாம் எளகிரும்" என்றாள் இசக்கியம்மாள்.

இதை வெளியூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் குழந்தையைக் குளிப்பாட்டினால் மூக்கில் இரண்டு சொட்டுத் தேங்காயெண்ணெயோ விளக்கெண்ணெயோ விட்டு ஊதுவது வழக்கம். டாக்டருக்கு அது அறவே பிடிக்காது. எண்ணெய் நெஞ்சுக்குள் இறங்கிவிடும் என்று சண்டை போடுவார். எனக்கும் அது தெரியும். ஆனால் அந்தத் தாயின் முகத்தைப் பார்த்தேன், இசக்கியம்மாள் சொன்னதும் நியாயமாகப் பட்டது. தேங்காயெண்ணெய் விடலாம் என்றால் மருந்தெண்ணெய் ஏன் விடக்கூடாது? என் எண்ணெய்மேல் எனக்கு அவ்வளவு பெருமை வேறு. சிவப்பு மை எழுத்துக்கு நேர் கீழே நின்றுகொண்டு, பிள்ளையின் வலது மூக்கில் ஒரே ஒரு சொட்டு விட்டேன்.

பிள்ளை ஒரு தடவை விலுக்கென்று உடம்பைத் தூக்கியது. வாயைத் திறந்தது. சத்தம் வரவில்லை. திறந்த வாய் திறந்தபடியே இருக்க, உதடு நீலமாகி, பிறகு கறுத்தது. கை இரண்டும் தொங்கிவிட்டன. மூச்சு இல்லை.

கண்ணாடியை எடுத்து மூக்குக்குக் கீழே பிடித்தேன். பிடித்துக்கொண்டே நின்றேன். கண்ணாடி பளிச்சென்று இருந்தது. அதில் என் விரல்தான் தெரிந்தது. செண்பகம் என் முகத்தைப் பார்த்தாள், பிள்ளையைப் பார்த்தாள், மறுபடியும் என் முகத்தைப் பார்த்தாள். படித்ததெல்லாம் எங்கே போனதோ தெரியவில்லை. ஒரு சொட்டுதானே விட்டேன், ஒரு சொட்டுதானே விட்டேன் என்று மனசு அதையே சொல்லிக்கொண்டிருந்தது.

இசக்கியம்மாள் என்னைத் தோளால் இடித்துத் தள்ளினாள். பிள்ளையைப் பிடுங்கி மடியில் கிடத்தி, அதன் மூக்கின்மேல் தன் வாயை வைத்து உறிஞ்சினாள். தரையில் துப்பினாள். மறுபடி உறிஞ்சினாள், துப்பினாள். பிள்ளையைக் குப்புறப் போட்டு முதுகில் தட்டினாள். திருப்பி, மூக்கையும் வாயையும் சேர்த்துத் தன் வாயால் மூடி மெல்ல ஊதினாள். சளி பிடித்த குழந்தைகளுக்கு அவள் வழக்கமாகச் செய்கிற காரியம்தான் அது. அருவருப்பான வழக்கம் என்று நானும் டாக்டரும் சிரித்திருக்கிறோம். எவ்வளவு நேரம் ஆயிற்று என்று எனக்குத் தெரியாது. பிள்ளையிடமிருந்து பூனைக்குட்டி மாதிரி ஒரு சத்தம் வந்தது. பிறகு ஒரு இழுப்பு. பிறகு அழுகை. அடைத்திருந்த சளியெல்லாம் கோழையாக வெளியே கிடந்தது. அரைமணி கழித்துப் பிள்ளை வாய் வைத்துப் பால் குடித்தது.

நான் மருந்து மேஜைக்குப் பின்னால் போய்த் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

டாக்டர் வந்ததும் சொல்லிவிட வேண்டும் என்றுதான் இருந்தேன். ஆனால் அவர் வண்டியை விட்டு இறங்குமுன் செண்பகம் முந்திக்கொண்டாள். கண்ணில் நீர் வழிய, சிரித்துக்கொண்டே சொன்னாள்: "கம்பவுண்டரய்யா ஒரு சொட்டு மருந்து விட்டாவ. பிள்ள பேச்சு மூச்சில்லாமப் போயிட்டான். அப்புறம் பாத்தா அடச்சதெல்லாம் வெளிய வந்து, பால் குடிக்கான். அவுக நல்லா இருக்கணும்."

டாக்டர் பிள்ளையின் மார்பிலும் முதுகிலும் குழல் வைத்துப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். அவர்களை அனுப்பிவிட்டு மேஜைக்கு வந்து எண்ணெய் பாட்டிலைத் திறந்தார். முகர்ந்து அவருக்குப் பிரயோசனம் இல்லை. ஒரு துளியை நாக்கில் விட்டுக்கொண்டார். அவர் கண் கலங்கி, முகம் சிவந்ததை நான் பார்த்தேன். வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து, மிகத் தணிந்த குரலில் கேட்டார்.

"இது நான் எழுதிக் குடுத்த மருந்து இல்லைங்க. எவ்வளவு மெந்தால் போட்டீங்க?"

"தெரியாது சார். கைக்கு வந்தபடி."

"வெளிய எத்தன பாட்டில் போயிருக்கு?"

"முப்பதுக்கு மேல இருக்கும்."

"பெரியவங்களுக்குக் கண்ணுல தண்ணி வரும், அவ்வளவுதான். கைப்பிள்ளை மூக்குல பட்டா மூச்சு அப்படியே கட்டிக்கிடும். அதுக்குத்தான் செவப்பு மையில எழுதினேன். இந்த ஊருல பிள்ளை மூக்குல எண்ணெய் விடாத வீடு உண்டா? முப்பது பாட்டிலையும் போய் வாங்கிட்டு வாங்க. அதுவரைக்கும் உங்களுக்கு இங்க வேற வேலை கிடையாது."

அவர் சொல்லித்தான் எனக்கு உறைத்தது. முப்பது வீடு.

பாட்டிலைத் திரும்ப வாங்குவது என்ன பெரிய காரியம் என்று நினைப்பீர்கள். நான் கிளம்புமுன் செய்தி கிளம்பிவிட்டது. மாடசாமி அருவிக்கரையில் நிற்கிறவர் அல்லவா? குளிக்க வந்த ஒவ்வொருவரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். "செத்துப்போன பிள்ளய்யா. கம்பவுண்டரு ஒரு சொட்டு விட்டாரு, எந்திரிச்சுட்டான்." ஏழு வருஷம் கழித்துப் பிறந்த பிள்ளை, அவர் வாயை யார் அடைப்பது?

முதலில் நான் போன நாலு வீட்டில் மருந்து கெட்டுவிட்டது, திருப்பித் தாருங்கள் என்றேன். "கெட்ட மருந்தா செத்த பிள்ளய எழுப்புச்சு?" என்று கேட்டுச் சிரித்தார்கள். ஒரு வீட்டில் பாட்டிலைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்துப் பூப் போட்டிருந்தார்கள். பாட்டில் தீர்ந்துவிட்டது என்று என் முகத்துக்கு நேரே சொல்லி உள்ளே ஒளித்து வைத்தவர்களும் உண்டு. மறுநாள் காலை ஆஸ்பத்திரிக் கதவைத் திறந்தால் வாசலில் பத்துப் பதினைந்து பெண்கள், இடுப்பில் கைக்குழந்தைகளோடு, ஆளுக்கொரு காலி பாட்டிலை வைத்துக்கொண்டு நின்றார்கள். அந்தப் பிள்ளைகளில் பாதிக்குச் சளியே இல்லை. நாளைக்கு வந்தால் விடலாம் என்று வாங்க வந்திருந்தார்கள்.

டாக்டர் என் பின்னால் நின்றுகொண்டு, "சொல்லுங்க" என்றார்.

சொன்னேன். நான் அளவு தப்பிக் கலக்கியது, அந்தச் சொட்டால்தான் பிள்ளைக்கு மூச்சு நின்றது, காப்பாற்றியது நான் இல்லை, எல்லாவற்றையும் சொன்னேன். எல்லாரும் மரியாதையாகக் கேட்டார்கள். கடைசியில் ஒருத்தி பக்கத்தில் இருந்தவளிடம், "பாத்தியாட்டி, எவ்வளவு தன்னடக்கமா பேசுதாவ" என்றாள். பாட்டில்கள் என்னைப் பார்த்து நீட்டியபடியே இருந்தன.

அப்போது இசக்கியம்மாள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். நாக்கை வெளியே நீட்டிக் காட்டினாள்.

"பாருங்கட்டி. அந்த எண்ணெய உறிஞ்சின நாக்கு. நேத்துலேர்ந்து உப்பு உறப்பு தெரியல எனக்கு. இத்தூண்டு பிள்ளைக்கு எப்படி இருந்திருக்கும்? விடச் சொன்னதும் நாந்தான், எம்மேலயும் தப்பு இருக்கு. ஒருத்தியும் பிள்ள மூக்குல இத விடக்கூடாது. வச்சிருக்கவ எடுத்துட்டு வந்து குடுத்திரு."

டாக்டரும் கம்பவுண்டரும் சொல்லி நம்பாதவர்கள் அவள் சொல்லி நம்பினார்கள். அன்றைக்கும் மறுநாளும் அவள் என்னோடு தெருத்தெருவாக வந்தாள். சாமி படத்துக்கு முன்னால் இருந்த பாட்டிலையும் அவளே உள்ளே போய் எடுத்து வந்தாள். சத்திரம், வாடகை வீடு, கடை என்று அலைந்து ஊருக்குள் இருந்ததை ஒன்று பாக்கியில்லாமல் வாங்கினோம். பாட்டிலோடு ஊரை விட்டுப் போனவர் ஒரே ஒருவர்தான். ஆய்க்குடியிலிருந்து வந்திருந்த ஓர் இளவயது விவசாயி, பெயர் சுடலைமுத்து. தனக்குச் சளி என்று எண்ணெய் வாங்கியவர், மாடசாமி கதை சொன்ன அன்று மத்தியானம்தான் ஊருக்குக் கிளம்பினார். வீட்டில் கைக்குழந்தை உண்டா என்று நான் கேட்கவில்லை. பெரியவருக்கு மருந்து கொடுக்கும்போது யார் அதைக் கேட்டார்கள்?

அதற்கு அடுத்த நாள் காலையில் வண்டி பிடித்து ஆய்க்குடிக்குப் போனேன். இசக்கியம்மாளுக்கு அன்றைக்கு ஒரு வீட்டில் பிள்ளை குளிப்பாட்டு இருந்தது. தனியாகத்தான் போனேன்.

வீட்டைக் கேட்டதும் காட்டினார்கள். வாசலில் நாலைந்து ஆண்கள் பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். சுடலைமுத்து என்னைப் பார்த்ததும் எழுந்து வந்தார். என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"அய்யா, நீங்களே வந்துட்டியளா? ஒரு நாள் முந்தி வந்திருக்கக் கூடாதா?" என்றார்.

நேற்றுக் காலையில் குளிப்பாட்டி, மூக்கு லேசாக அடைத்திருக்கிறதே என்று அந்த எண்ணெயை விட்டிருக்கிறார்கள். இருபத்தெட்டு நாள் பிள்ளை. பெண் குழந்தை. அதை அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே உள்ளேயிருந்து அவர் மனைவி வந்தாள். இருபது வயதுகூட இருக்காது. அவளுக்கு அழுது அழுது குரல் போயிருந்தது.

"அய்யா, நீங்க ஒரு சொட்டுத்தான் விட்டியளாம். நான் ரெண்டு மூக்குலயும் ரெண்டு சொட்டு விட்டுட்டேன். எனக்குப் பக்குவம் தெரியல. ஒங்க கையால விட்டிருந்தா எம்பிள்ள இருந்திருப்பா."

நான் என்ன செய்திருக்க வேண்டும்? இரண்டு நாளாக வீடு வீடாகச் சொன்ன அதே வார்த்தையை அங்கேயும் சொல்லியிருக்க வேண்டும். பாட்டிலை வாங்குவதற்குச் சொல்ல வந்த வாய், அந்தப் பெண்ணின் முன்னால் ஒட்டிக்கொண்டுவிட்டது. பயந்துவிட்டேன். வாசலில் உட்கார்ந்திருந்த ஆண்களைக் கண்டு பயம், அவள் முகத்தைக் கண்டு அதைவிடப் பயம். தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். நான் அவர்களுக்காகத் துக்கப்படுகிறேன் என்று எல்லாரும் நினைத்தார்கள். யாரோ எனக்கு ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்கள். வாங்கிக் குடித்தேன்.

கிளம்பும்போது சுடலைமுத்து உள்ளே போய் எண்ணெய் பாட்டிலைத் துணியால் துடைத்து எடுத்து வந்தார். "இத வச்சு நாங்க என்னய்யா செய்ய? கொண்டு போங்க. வேற பிள்ளைக்காவது ஆவட்டும்" என்றார்.

குற்றாலத்துக்குத் திரும்பியபோது டாக்டர் வண்டி ஏறத் தயாராக இருந்தார். "எல்லாம் வந்துட்டா?" என்று கேட்டார். "வந்துட்டு சார்" என்றேன். அது பொய்யில்லை. எல்லா பாட்டிலும் வந்துவிட்டது. அவர் ஒரு பெருமூச்சு விட்டு, "கர்த்தர் காப்பாத்தினார்வே. போய்ச் சாப்பிடும்" என்றார். ஆஸ்பத்திரிக்குப் பின்னால் குழி தோண்டி முப்பத்துச் சொச்சம் பாட்டிலையும் கொட்டி மூடினேன். அவர் சாகும்வரை ஒரு பிள்ளைகூடப் போகவில்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தார். அதன் பிறகு நான் தராசில் நிறுக்காமல் ஒரு சிட்டிகை உப்புகூடக் கலந்ததில்லை. யார் வந்து கேட்டாலும், வீட்டில் கைப்பிள்ளை உண்டா என்று விசாரிக்காமல் ஒரு தைலமும் கொடுத்ததில்லை. அதனால் ஆய்க்குடியில் நடந்தது நடக்காமல் போய்விடாது.

இந்த மலரை எங்கள் ஆட்கள்தான் படிப்பார்கள். ஆய்க்குடிப் பக்கம் வேலை பார்க்கிற தம்பிகள் யாராவது இருந்தால் ஒரு காரியம் செய்ய வேண்டும். சுடலைமுத்துவின் மனைவி பெயர் எனக்குத் தெரியாது. இருந்தால் அறுபதை நெருங்கியிருப்பார். தேடிக் கண்டுபிடித்து இதை வாசித்துக் காட்டுங்கள். வாசித்துக் காட்டிவிட்டு அவர் என்னைத் திட்டினால், அதையும் எனக்கு எழுதி அனுப்புங்கள்.

அம்மா, நீங்கள் விட்டது ஒரு சொட்டா இரண்டு சொட்டா என்பதால் எதுவும் ஆகவில்லை. நான் குற்றாலத்தில் விட்டதும் அதே எண்ணெய், அந்தப் பிள்ளைக்கும் மூச்சு நின்றது. என் கையில் ராசி ஒன்றும் கிடையாது. அங்கே பக்கத்தில் இசக்கியம்மாள் இருந்தாள், உங்கள் வீட்டில் அன்றைக்கு யாரும் இல்லை. உங்கள் கை ஒரு தப்பும் செய்யவில்லை. அந்த எண்ணெயை அளக்காமல் கலக்கியவன் நான். உங்கள் வாசலில் நின்று தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, இதைச் சொல்லாமல் வந்துவிட்டேன்.